ஸ்பேம் புகாரை யார் கண்ணால் பார்ப்பது?

"ஏனுங்க தம்பி, ஆறாயிரம் பேருக்கு மெயில் போட்டும் ஒரு ஆர்டர்கூட வரலையே. இந்த இணையமே பொய்யோ?"

ஈரோட்டில் கைத்தறிச் சேலைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் என்னிடம் கேட்டது இது. மின்னஞ்சல் அனுப்பித் தரும் சேவை ஒன்றில் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். அதன் முகப்பில் 'புகார்: 0' என்று பச்சை நிறத்தில் இருந்தது. அதைக் காட்டி, "பாருங்க, ஒருத்தரும் திட்டலை" என்றார்.

உண்மையில் நிறையப் பேர் திட்டியிருந்தார்கள். திட்டியது அந்த முகப்புக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் பட்டியலில் பெரும்பகுதி ஜிமெயில் முகவரிகள். ஜிமெயிலில் ஒருவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினால், அழுத்தியவர் யார் என்பதைக் கூகுள் யாருக்கும் சொல்வதில்லை. அனுப்பும் சேவைக்கும் சொல்வதில்லை, கடைக்காரருக்கும் சொல்வதில்லை. ஆகவே அந்தச் சுழியத்துக்கு 'எனக்குத் தெரியாது' என்றுதான் பொருள்.

புகாரைக் கண்காணிக்க நான்கு வழிகள் இருக்கின்றன. அனுப்பும் சேவையிடமே விட்டுவிடலாம். அஞ்சல் பெட்டி தரும் நிறுவனங்களின் இலவசக் கருவிகளை நாமே பார்க்கலாம். சொந்த சர்வர் வைத்துப் புகார்களை நேரடியாக வாங்கலாம். காசு கொடுத்து ஒரு கண்காணிப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கு உங்கள் தொழிலின் அளவைவிட, உங்கள் பட்டியலில் இருப்பவர்கள் எந்த நிறுவனத்தின் அஞ்சல் பெட்டியில் இருக்கிறார்கள் என்பதே விடை சொல்லும். சேலைக்கடை அண்ணனுக்குப் பொருந்தியது ஏற்றுமதிக்காரருக்குப் பொருந்தாது.

முதலில் 0.3 சதவீதக் கோடு

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் ஒரே நேரத்தில் விதியை இறுக்கின. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 மடலுக்குமேல் அனுப்புபவர் எவராக இருந்தாலும் மடல் உண்மையிலேயே அவரிடமிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகளும் இருக்க வேண்டும், விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், புகார் வீதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது. 0.1-க்குக் கீழே வைத்திருங்கள் என்பது கூகுளின் பரிந்துரை. அதாவது ஆயிரம் பேரில் ஒருவர் முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்வார்கள், மூவர் சுளித்தால் கதவு மூடத் தொடங்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கொக்கி உண்டு. ஒரே ஒரு நாள் 5000-ஐத் தொட்டுவிட்டால் போதும், கூகுளின் கணக்கில் நீங்கள் நிரந்தரமாக 'மொத்தமாக அனுப்புபவர்'. அடுத்த மாதம் ஐந்நூறு மட்டும் அனுப்பினாலும் அந்தப் பெயர் போகாது. டொமைனை, அதாவது முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயரை, துணை டொமைன்களாகப் பிரித்து அனுப்பினாலும் தாய் டொமைனின் கணக்கில் எல்லாம் கூட்டப்படும். ஆண்டு முழுக்கச் சும்மா இருந்துவிட்டு தீபாவளிக்கு மட்டும் மொத்தப் பட்டியலுக்கும் அனுப்பும் நம் ஊர்க் கடைகள் இந்தக் கோட்டைத் தாண்டுவது தங்களுக்கே தெரியாமல் நடக்கிறது.

சதவீதம் எதை எதால் வகுப்பது என்பதில்தான் பாதிக் குழப்பம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறாயிரம் மடல் அனுப்புகிறீர்கள். அதில் நாலாயிரம் ஜிமெயில். அந்த நாலாயிரத்தில் இரண்டாயிரம்தான் இன்பாக்ஸில் விழுந்தது, மீதி நேராக ஸ்பேம் பெட்டிக்குப் போனது. எட்டுப் பேர் புகார் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டை ஆறாயிரத்தால் வகுத்தால் 0.13, பரவாயில்லை போல் தெரியும். ஆனால் ஜிமெயில் இன்பாக்ஸில் விழுந்ததை மட்டும்தான் வகுக்க எடுத்துக்கொள்ளும். எட்டை இரண்டாயிரத்தால் வகுத்தால் 0.4. கோட்டைத் தாண்டியாயிற்று.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. அடுத்த முறை நாலாயிரமும் ஸ்பேம் பெட்டிக்கே போய்விட்டால்? அங்கே கிடக்கும் மடலை யார் மறுபடி ஸ்பேம் என்று சொல்லப்போகிறார்கள்? புகார் சுழியமாகிவிடும். ஆகவே வீதம் திடீரென்று விழுந்தால் இனிப்பு வாங்கிக் கொடுப்பதற்குமுன் மடல் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள்.

சேவையிடமே விடுவது

மெயில்சிம்ப், சென்ட்கிரிட், போஸ்ட்மார்க், அமேசான் எஸ்.இ.எஸ்., நம் சென்னையிலிருந்து இயங்கும் ஜோஹோவின் கேம்பெய்ன்ஸ் போன்றவை வழியே அனுப்புபவர்களுக்குக் கண்காணிப்பின் ஒரு பகுதி தானாகவே நடக்கிறது. யாகூ, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள், தங்கள் பயனர் ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தியதும் அந்தச் செய்தியை அனுப்பியவருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு ஒன்று வைத்திருக்கின்றன. ஃபீட்பேக் லூப் என்று பெயர். அந்தச் செய்தியை சேவை நிறுவனம் வாங்கி, புகார் செய்தவரின் முகவரியை சப்ரஷன் லிஸ்டில், அதாவது இனி எதுவும் போகக்கூடாதவர்களின் பட்டியலில், போட்டுவிடும். நீங்கள் விரலைக்கூட அசைக்க வேண்டாம்.

சிறு கடைக்கு இது பெரிய வரம். எதைப் பார்க்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு அனுபவித்தால் இன்னும் நல்லது. ஜிமெயில் புகார் இதில் வராது என்று முன்பே சொன்னேன். ஆப்பிளின் ஐகிளவுட் அஞ்சலுக்கும் இப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆக, சேவையின் முகப்பில் தெரியும் புகார் எண், புகார் சொல்லும் வழக்கமுள்ள நிறுவனங்களிலிருந்து வந்தது மட்டுமே. அமேசான் எஸ்.இ.எஸ். இதில் நேர்மையாக நடந்துகொள்கிறது. புகாரைத் திருப்பிச் சொல்லும் டொமைன்களுக்குப் போன மடல்களை மட்டும் வைத்தே வீதத்தைக் கணக்கிடுகிறது. 0.1 சதவீதத்தைத் தொட்டால் கணக்கை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும், 0.5-ஐத் தொட்டால் அனுப்புவதையே நிறுத்திவைக்கக்கூடும். பட்டியலில் பாதிக்குமேல் ஜிமெயில் இருப்பவருக்கு யாகூக்காரர் சிலர் சேர்ந்து அழுத்தினாலே இந்த எண் துள்ளிக் குதிக்கும். பயந்துவிட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம்.

எஸ்.இ.எஸ்.-ஐப் பற்றி ஒரு துணுக்கு. விலை மலிவு என்று அதில் சேர்கிறவர்கள் பலர் புகார் அறிவிப்பை எங்கும் இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். 2019 நவம்பர் 25-க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் சப்ரஷன் லிஸ்ட் தானாகவே இயங்கும், அதற்கு முந்தைய கணக்குகளில் நாம்தான் இயக்க வேண்டும். ஆனால் அந்த லிஸ்ட் அமேசானிடம் இருக்கிறது. உங்கள் சொந்த டேட்டாபேஸுக்கு அது தெரியாது. நாளை வேறு சேவைக்கு மாறும்போது, முன்பு புகார் செய்த அத்தனை பேரையும் புதிய வண்டியில் ஏற்றிக்கொண்டு போவீர்கள். முதல் பயணத்திலேயே புதுச் சேவைக்காரர் உங்களை இறக்கிவிடுவார். இது நடந்ததை நானே ஒரு வாடிக்கையாளரிடம் பார்த்தேன்.

இலவசக் கருவிகள், ஆனால் யாருக்கு?

கூகுள் 2015-இல் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவியைத் திறந்தது. உங்கள் டொமைன் உங்களுடையதுதான் என்று டொமைனின் இணையப் பதிவேடான டி.என்.எஸ்.-இல் ஒரு வரி சேர்த்து நிரூபித்தால் போதும். நாள்வாரியாகப் புகார் வீதத்தை வரைபடமாகக் காட்டும். யார் என்று சொல்லாது, எத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்லும். தகவல் ஓரிரு நாள் பிந்தித்தான் வரும். அனுப்பும் அளவு குறைவாக இருந்தால் வரைபடம் வெறுமையாகவே கிடக்கும். ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நாளுக்கு நூறு மடல் அனுப்புபவர் இந்தக் கருவியை நிறுவிவிட்டு ஏன் ஒன்றும் வரவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை.

இதில் சேரும்முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் மடலில் டி.கே.ஐ.எம். கையொப்பம் யார் பெயரில் போகிறது? சில சேவைகளில் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் சேவையின் டொமைன் பெயரிலேயே கையொப்பம் விழும். அப்போது கூகுளின் புள்ளிவிவரம் எல்லாம் சேவைக்குத்தான் சேரும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் டொமைனுக்கான கையொப்பத்தை முதலில் பொருத்துங்கள். எந்த மடலால் புகார் வந்தது என்று பிரித்துப் பார்க்க, மடலின் தலைப்புப் பகுதியில் ஃபீட்பேக்-ஐடி என்ற வரியைச் சேர்க்கலாம். 'ஆடித்தள்ளுபடி', 'புதுவரவு', 'கண்காட்சிப் பட்டியல்' என்று தொகுதிக்கு ஒரு குறிப்பெயர் கொடுத்தால், போதுமான எண்ணிக்கை இருக்கும்பட்சத்தில் தொகுதிவாரியாகப் புகார் வீதம் கிடைக்கும். ஆளைக் காட்ட மறுக்கும் கூகுள் இந்த ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. நிறையப் பேர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை.

யாகூவின் கருவியும் டொமைனை அடிப்படையாகக் கொண்டதே. பதிவு செய்துவிட்டால் ஒவ்வொரு புகாரும் ஒரு மடலாக உங்களுக்கு வந்து சேரும். ஏ.ஓ.எல். முகவரிகளும் இதற்குள் வந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் வேறு மாதிரி. அவர்களுடைய எஸ்.என்.டி.எஸ்., ஜே.எம்.ஆர்.பி. இரண்டும் ஐ.பி. முகவரியை, அதாவது மடலை அனுப்பும் சர்வரின் இணைய எண்ணை, வைத்து இயங்குபவை. முன்னது நிலவரப் பலகை, பின்னது புகார் செய்யப்பட்ட மடலின் பிரதியை அனுப்பும் ஏற்பாடு. ஐ.பி. உங்களுக்கே சொந்தமாக இருந்தால்தான் சேர முடியும். மெயில்சிம்ப் போன்ற சேவையில் பலரோடு ஒரே ஐ.பி.-யைப் பகிர்ந்துகொள்பவருக்கு இந்தக் கதவு திறக்காது. வாடகை வீட்டுக்காரர் பட்டா கேட்ட கதைதான். சொந்த ஐ.பி. இருந்தும்கூட, ஒரு நாளில் நூறு மடலுக்குமேல் போனால்தான் பலகையில் விவரம் தெரியும். அதோடு, இவை அவுட்லுக், ஹாட்மெயில், லைவ் போன்ற தனிநபர் கணக்குகளுக்கு மட்டும். நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் 365 இதில் வராது.

இந்தக் கடைசி வரி திருப்பூரில் முக்கியம். பின்னலாடை ஏற்றுமதியாளர் ஐரோப்பிய வாங்குநர்களுக்கு மாதிரிப் படங்களோடு மடல் அனுப்புகிறார் என்றால், அவர் பட்டியலில் ஜிமெயிலும் இல்லை, ஹாட்மெயிலும் இல்லை. எல்லாம் நிறுவன முகவரிகள். அங்கே ஒருவர் 'இது குப்பை' என்று தன் ஐ.டி. பிரிவிடம் சொன்னால், அந்தப் புகார் எந்தக் கருவியிலும் நமக்குத் தெரியாது. ஒரு நாள் மொத்த நிறுவனமே நம் மடலை மறித்துவிட்டது என்பதைத்தான் தெரிந்துகொள்வோம். அப்படிப்பட்டவருக்கு நான் எந்தக் கருவியையும் பரிந்துரைப்பதில்லை. பட்டியலை இருநூறு பேருக்குள் வைத்துக்கொண்டு, தெரிந்தவருக்கு மட்டும் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். கேட்கப் பழைய பாணியாக இருக்கும்.

சொந்த சர்வர்

தன் சர்வரிலிருந்து தானே அனுப்புபவர்கள், பல்கலைக்கழகங்கள், செய்தி நிறுவனங்கள், சில மென்பொருள் நிறுவனங்கள், எல்லா ஃபீட்பேக் லூப்பிலும் நேரடியாகச் சேரலாம். வரும் புகாருக்கு ஒரு பொது வடிவம் உண்டு. ஏ.ஆர்.எஃப். என்று பெயர், 2010-இல் ஆர்.எஃப்.சி. 5965 என்ற இணையத் தர ஆவணமாக வகுக்கப்பட்டது. மூன்று துண்டுகளாக வரும். மனிதர் படிக்க ஒரு பத்தி, நிரல் படிக்க ஒரு பகுதி, புகாருக்குள்ளான மூல மடல் அல்லது அதன் தலைப்புப் பகுதி. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் நடுத்துண்டைப் படித்து முகவரியை நீக்கிவிடலாம்.

நீக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் புகாரை அனுப்பும் பல நிறுவனங்கள் பெறுநரின் முகவரியை அழித்துவிட்டே அனுப்புகின்றன. 'யாரோ ஒருவர் புகார் செய்தார், யார் என்று சொல்லமாட்டோம், அவருக்கு இனி அனுப்பாதே' என்ற கணக்கு. இதற்கு ஒரே மருந்து முன்யோசனை. அனுப்பும்போதே ஒவ்வொரு மடலிலும் அந்த வாடிக்கையாளருக்கான தனி எண்ணை, திரும்பும் முகவரியிலோ தலைப்பின் ஒரு வரியிலோ, புரியாத எழுத்துகளாக மாற்றிப் பொதித்து வைக்க வேண்டும். முகவரியை அழித்தாலும் அந்த எண் தப்பிப் பிழைத்து வந்துவிடும். இதைச் செய்யாமல் ஃபீட்பேக் லூப்பில் சேர்ந்தவர், புகார்ப் பெட்டிக்கு முன் உட்கார்ந்து ஊகம்தான் செய்ய முடியும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. டொமைனில் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஓர் அஞ்சல் பெட்டி இருக்க வேண்டும் என்பது 1997 முதல் உள்ள வழக்கம். பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்து எழுதி அனுப்பும் மனிதர்கள் அங்கேதான் எழுதுவார்கள். பல இடங்களில் அந்தப் பெட்டியை அமைத்ததோடு சரி, திறந்தவர் இல்லை. ஒரு முறை ஒரு நிறுவனத்துக்காக அதைத் திறந்து பார்த்தபோது, முதல் பக்கத்திலேயே ஒரே மனிதர் ஆறு மாதமாக வாரம் ஒருமுறை 'என்னை விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருந்தார். கடைசி மடலில் 'தயவுசெய்து'வும் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை, இந்த வேலைக்கென்றே மாதத்தில் சில நாள் ஒதுக்கும் ஓர் ஆள் இல்லாத இடத்தில் சொந்த சர்வர் வேண்டாம்.

காசு கொடுத்துக் கண்காணிப்பது

அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் உட்படப் பல அஞ்சல் நிறுவனங்களின் ஃபீட்பேக் லூப்புகளை வேலிடிட்டி என்ற நிறுவனம் ஒரே கூரையின்கீழ் நடத்துகிறது. முன்பு இலவசமாக இருந்தது, 2023 முதல் கட்டணமாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் உள்ள வாடிக்கையாளர்களுக்குப் பெருமளவில் அனுப்புபவருக்கு இது தேவைப்படலாம். தமிழ்நாட்டில் சேலை, நகை, பயிற்சி வகுப்பு விற்பவருக்கு அந்தப் பணம் வீண். உங்கள் பட்டியலில் அந்தக் கேபிள் நிறுவன முகவரி எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புகார் வந்த பிறகு

பார்ப்பதைவிடக் கையாள்வதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். சேலைக்கடை அண்ணனுக்கு யாகூ வழியே ஒரு புகார் வந்தது. பெயரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பழைய வாடிக்கையாளர், கோபிப் பக்கம். உடனே போன் போட்டுவிட்டார். "என்னங்க ஆச்சு, நம்ம மேல ஏதும் கோபமுங்களா? சேலை சாயம் போச்சுங்களா?" அந்த அம்மா வெலவெலத்துப் போய்விட்டார். தான் போனில் எதையோ அழுத்தியது கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று அவருக்குப் பயம். அதற்குப் பிறகு அவர் மடலையும் படிக்கவில்லை, கடைக்கும் வரவில்லை.

நேரில் வரும் மனக்குறையை நேரில் போய்த் தீர்ப்பது நம் வழக்கம், தப்பில்லை. ஆனால் ஸ்பேம் பொத்தானை அழுத்துபவர் உங்களிடம் பேசவில்லை, தன் அஞ்சல் பெட்டியிடம் பேசுகிறார். அந்தச் செய்தி முகவரியை நீக்குவதற்காகத் தரப்படுகிறது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு மடல் அனுப்புவதும் இதே வகைதான். நீக்கிவிட்டு மௌனமாக இருப்பதே மரியாதை.

நீக்குவது என்றால் எதிலிருந்து? இங்கே இரண்டு வழி இருக்கிறது, இரண்டிலும் சிக்கல். புகார் செய்தவருக்கு எந்த மடலும் போகாமல் அடியோடு நிறுத்தினால், அவர் அடுத்த மாதம் சேலை வாங்கும்போது ரசீதும் போகாது, கடவுச்சொல் மாற்றும் மடலும் போகாது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து "ரசீது வரலை" என்பார், யாருக்கும் காரணம் புரியாது. சலுகை மடலை மட்டும் நிறுத்தினால், ரசீதையும் அவர் ஸ்பேம் என்று அழுத்த வாய்ப்பு இருக்கிறது, ஆனால் வாங்கிய பொருளின் ரசீதை ஸ்பேம் என்பவர் மிகக் குறைவு.

நான் இரண்டாவது வழிக்காரன். ஆனால் அதற்கு முன்னேற்பாடு வேண்டும். சலுகைக்கு ஒரு துணை டொமைன், ரசீதுக்கு ஒரு துணை டொமைன் என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும். எஸ்.இ.எஸ்.-இல் சப்ரஷனைத் தொகுதிவாரியாக வைத்துக்கொள்ளும் வழி உண்டு. போஸ்ட்மார்க்கில் ரசீது வகைக்கும் விளம்பர வகைக்கும் ஆரம்பத்திலேயே தனித்தனி ஓடை. ஜோஹோவும் ரசீது வகை மடல்களுக்கு ஜெப்டோமெயில் என்று தனிச் சேவை வைத்திருக்கிறது, விளம்பரம் அதில் அனுப்பக்கூடாது. ஆடித் தள்ளுபடி மடலுக்கு வந்த புகார் ரசீதின் பெயரைக் கெடுக்காமல் இருக்க, இந்தப் பிரிப்பு ஓரளவு அரணாக நிற்கும்.

அடுத்தது விலகும் வழி. இதில் மூன்று வகைக் கடைகளைப் பார்க்கிறேன். ஒரு வகையில் மடலின் அடியில் எட்டாம் அளவு எழுத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' இருக்கும், சொடுக்கினால் உள்நுழையச் சொல்லும். கடவுச்சொல் யாருக்கு நினைவிருக்கிறது? திரும்பி வந்து ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அந்தப் பொத்தான் மட்டும் கடவுச்சொல் கேட்பதில்லையே. இரண்டாம் வகையில் தலைப்பில் ஒரு விலகல் முகவரி இருக்கும், மடல் அனுப்பினால் ஒரு மனிதர் படித்து நீக்குவார், அவர் விடுப்பில் இல்லையென்றால். 1998-லேயே வகுக்கப்பட்ட முறை இது. மூன்றாவது, 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8058 முறை. அஞ்சல் பெட்டியின் மேல்பகுதியிலேயே விலகும் பொத்தான் தெரியும், அழுத்தினால் பின்னணியிலேயே முடிந்துவிடும். வெறும் இணைப்பாக இருந்தால் வைரஸ் சோதனை மென்பொருள்கள் தாமாகவே எல்லா இணைப்பையும் திறந்து பார்த்து, யாரும் கேட்காமலே ஆட்களை விலக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த முறை தனிவகைக் கோரிக்கையைப் பயன்படுத்துகிறது.

மூன்றாவதுதான் இன்று கட்டாயம். ஜிமெயிலில் இது இருந்தால், ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தும்போதே 'புகார் செய்து விலகவும்' என்ற தேர்வும் வரும். யார் என்று கூகுள் சொல்லாத புகாரில் ஒரு பங்கு, விலகல் கோரிக்கையாக வேறு வாசல் வழியே பெயரோடு உங்களிடம் வந்து சேர்கிறது. 2025 ஜூலையில் ஜிமெயில் சந்தாக்களை எல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும் வசதியையும் தொடங்கியது. அடிக்கடி அனுப்புபவர் அதில் மேலே நிற்பார். விலகுகிறவர் எண்ணிக்கை கூடுகிறதே என்று கடைக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். விலகியவர் ஒவ்வொருவரும் புகார் செய்யாமல் போனவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விலக்க எத்தனை நாள்? அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் பத்து வேலைநாள் தருகிறது. கூகுளும் யாகூவும் இரண்டு நாள்தான் தருகின்றன. இந்தியாவில் தொலைபேசி, எஸ்.எம்.எஸ். தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் உண்டு, மின்னஞ்சலுக்கென்று தனி ஸ்பேம் சட்டம் இல்லை. சட்டம் இல்லையே என்று சாய்ந்து உட்கார முடியாது, தண்டனை தருவது நீதிமன்றம் இல்லை, இன்பாக்ஸ். 0.3-க்குமேல் இருக்கும்வரை கூகுளிடம் முறையிட்டுத் தீர்வு கேட்கும் தகுதிகூடக் கிடையாது. ஏழு நாள் தொடர்ச்சியாகக் கீழே இருந்து காட்டிய பிறகே அந்தக் கதவு திறக்கும். மைக்ரோசாஃப்டும் 2025 மே 5 முதல், நாளுக்கு 5000-க்குமேல் அனுப்புபவரிடம் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் கேட்கிறது. சரியில்லையென்றால் 550 5.7.515 என்ற எண்ணோடு மடல் திரும்பும். அந்த எண்ணைப் பார்த்தால் புகாரைத் தேடாதீர்கள், டி.என்.எஸ்.-ஐத் திறந்து பாருங்கள்.

அண்ணனுக்கு என்ன செய்தோம்

செலவு எதுவும் கூட்டவில்லை. இருந்த சேவையிலேயே இருந்தார். கையொப்பத்தை அவர் டொமைனுக்கு மாற்றினோம், போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் சேர்த்தோம், யாகூவிலும் பதிந்தோம். மைக்ரோசாஃப்டை விட்டுவிட்டோம், அவர் ஐ.பி. பகிர்ந்த ஐ.பி., பட்டியலில் ஹாட்மெயிலும் கைவிரலில் எண்ணும் அளவுதான். பிறகு பட்டியலை மூன்றாக உடைத்தோம். தளத்தில் வாங்கியவர்கள், கண்காட்சி ஸ்டாலில் நோட்டில் எழுதிக் கொடுத்தவர்கள், அவர் மச்சான் ஒரு எக்ஸெல் ஷீட்டில் கொடுத்தவர்கள். மூன்றுக்கும் தனித்தனிக் குறிப்பெயர் வைத்து, தனித்தனி நாளில் அனுப்பினோம்.

வாங்கியவர்கள் நாளில் வரைபடத்தில் புகார்க் கோடு தரையோடு கிடந்தது. கண்காட்சிக்காரர்கள் நாளில் கொஞ்சம் எழுந்தது. மச்சானின் ஷீட் போன நாளில் எழுந்த கோட்டைப் பார்த்து அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதைத் தூக்கிருங்க தம்பி."

"மச்சான்கிட்ட என்னங்கண்ணா சொல்லுவீங்க?"

"வேலை செஞ்சுதுன்னு சொல்லிக்கறேன், விடுங்க."

கண்காட்சிப் பட்டியலை அப்படித் தூக்க மனம் வரவில்லை. அவர்கள் தாமாக எழுதிக் கொடுத்தவர்கள்தான், ஆனால் எதற்காக எழுதினோம் என்பது மறந்துபோனவர்கள். பலர் குலுக்கல் பரிசுக்காக எழுதியவர்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கு ஒரே ஒரு மடல் போனது, 'கோவைக் கண்காட்சியில் எங்கள் ஸ்டாலுக்கு வந்தீர்கள், தொடர்ந்து மடல் வேண்டுமா?' என்று. ஆம் என்றவர்கள் மட்டும் இருக்கிறார்கள். பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கியது. பொங்கல் மடலுக்கு ஆர்டர் வந்தது.

இந்த ஆண்டு கண்காட்சிக்கு அதே நோட்டுதான் போகிறது. பெயர், ஊர், மின்னஞ்சல் என்ற மூன்று கட்டத்தோடு நாலாவதாக ஒரு கட்டம் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்: 'மடல் அனுப்பலாமா? ஆமாம் / வேண்டாம்'.